பீட்டில்ஸ் இசைத்தட்டுகளும் ரசிகர்களின் தீர்ப்புகளும்

பீட்டில்ஸ் என்பது இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் 1960இல் உருவாகி 1970இல் கலைந்த இசைக்குழு. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் தொடக்கம் முதல் இருந்தவர்கள். மேளம் வாசித்த ரிங்கோ ஸ்டார் 1962இல் சேர்ந்தார். குழுவின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். இக்கட்டுரையின் நோக்கம் அது அன்று. அவர்களுடைய இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள், அப்படிச் சொன்னவற்றில் எது விமர்சனம், எது வெறும் ஆரவாரம் என்பதைப் பார்ப்பதே நோக்கம்.

பாப் இசை ரசிகர்கள் கூடும் இடத்தில் தவறாமல் எழும் கேள்வி, “எது சிறந்த ஆல்பம்?” என்பது. பீட்டில்ஸைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஒருவர் ‘சார்ஜன்ட் பெப்பர்’ என்பார். இன்னொருவர் ‘ரிவால்வர்’ என்பார். மூன்றாமவர் ‘அபே ரோடு’ என்று சொல்லிவிட்டு இருவரையும் இரக்கத்தோடு பார்ப்பார். இந்த வாதத்தை வீண்பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரசிகரின் கருத்து விமர்சகரின் கருத்துக்குத் தாழ்ந்தது அன்று. ஆனால் தாம் எதைக் கேட்டோம் என்று சொல்லாதவரை அது கருத்தாகவே ஆகாது. அந்த ஒரு நிபந்தனையைப் பீட்டில்ஸ் ரசிகர்கள் எங்கே காப்பாற்றினார்கள், எங்கே கைவிட்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நம்மிடையே பாட்டுத் தொகுப்பு பெரும்பாலும் ஒரு திரைப்படத்தைச் சார்ந்து வருவது. பாட்டுக்குச் சூழலைக் கொடுப்பது படம். மேற்கத்திய பாப் இசையில் ஆல்பம் தன் காலிலேயே நிற்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அங்கும் அது பெரும்பாலும் நன்றாக விற்ற ஓரிரு பாட்டோடு மற்றவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டைதான். முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை ஒரே படைப்பாக அதைக் கேட்கலாம் என்ற எண்ணம் பரவலானது 1965க்கும் 1967க்கும் இடையில். அந்த மாற்றத்தில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு.

கூச்சலிட்ட பெண்கள்

பீட்டில்ஸை முதலில் கண்டுகொண்டவர்கள் பதின்ம வயதுப் பெண்கள். முதல் ஆல்பமான ‘பிளீஸ் பிளீஸ் மீ’ 1963 மார்ச்சில் வெளியாகி, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ நாளேட்டின் இசை விமர்சகர் வில்லியம் மான் அவர்களைப் பற்றித் தீவிரமாக எழுதியது அந்த ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி. ஆண்டு முடியப் போகும் நேரம். அதற்குள் அந்தப் பெண்கள் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள்.

மானின் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பீட்டில்ஸின் ஒரு பாட்டின் முடிவில் ‘ஏயோலியன்’ என்ற பழைய சுரவரிசையைச் சார்ந்த முடிப்பு இருப்பதாகச் சொல்லி, அதை மாலர் என்ற ஆஸ்திரிய இசைமேதையின் படைப்போடு ஒப்பிட்டார். அது என்னவென்றே தமக்குத் தெரியாது, ஏதோ அயல்நாட்டுப் பறவையின் பெயர் போல இருக்கிறது என்று லெனன் பிற்பாடு சொன்னார். இதைச் சொல்லி விமர்சகர்களைக் கேலி செய்வது ரசிகர்களின் வழக்கம். கேலி பொருந்தாது. பாட்டை ஆக்கியவருக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பாட்டில் அந்தச் சுரங்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இலக்கணம் படிக்காத தாத்தா பேசும் பேச்சிலும் வேற்றுமை உருபு இருக்கத்தானே செய்கிறது?

இரண்டே மாதத்தில் எதிர்க்குரல் வந்தது. 1964 பிப்ரவரி 28ஆம் தேதி ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழில் பால் ஜான்சன் எழுதிய கட்டுரை பீட்டில்ஸைவிட அவர்களுடைய ரசிகர்களையே அதிகம் தாக்கியது. அந்த இளையோரை அறிவு மழுங்கிய கூட்டமாக அது சித்திரித்தது. இதழுக்குக் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. கட்டுரையை இன்று படிப்பவருக்கு ஒன்று உறைக்கும். அதில் மிட்டாய் தின்று உப்பிய முகங்கள் இருக்கின்றன, உடைகள்கூட இருக்கின்றன. பாட்டு இல்லை. ரசிகர்கள் காதால் கேட்பதில்லை என்று குற்றம் சாட்டியவர் கண்ணால்தான் விமர்சித்திருக்கிறார்.

அதற்காக அந்தக் கூச்சலை இசைநுகர்வு என்று புகழ வேண்டியதில்லை. 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் சுமார் 55,600 பேர் கூடினார்கள். மேடையில் நின்ற நால்வருக்கே தங்கள் வாசிப்பு கேட்கவில்லை. மற்ற மூவரின் உடலசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று தாம் கண்டுகொள்வதாக ரிங்கோ சொல்லியிருக்கிறார். 1966 ஆகஸ்ட் மாதத்து அமெரிக்கப் பயணத்தில், அப்போதுதான் வெளியாகியிருந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் மேடையில் வாசிக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு கட்டணக் கச்சேரிகளுக்கே முழுக்குப் போட்டார்கள்.

காது கொடுக்காத கூட்டத்திடமிருந்து விலகி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, மேடையில் வாசிக்கவே முடியாத இசையை அவர்களால் ஆக்க முடிந்தது. இன்று நுட்பமான ரசிகர்கள் கொண்டாடும் ஆல்பங்கள் உருவாக, அவர்கள் ஏளனம் செய்யும் அந்தக் கூச்சலும் ஒரு காரணம்.

ஒரே பெயரில் இரண்டு தட்டுகள்

இளைய ரசிகர்கள் அதிகம் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1966இல் லண்டனில் ஒருவரும் நியூயார்க்கில் ஒருவரும் ‘ரிவால்வர்’ வாங்கியிருந்தால், இருவரும் வாங்கியது ஒரே ஆல்பம் அன்று.

பிரிட்டனில் பீட்டில்ஸ் ஒரு தட்டில் 14 பாட்டு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் அவற்றை வெளியிட்ட கேப்பிட்டல் நிறுவனம் பாட்டுகளைக் குறைத்து, மிஞ்சியவற்றையும் தனிப்பாட்டுகளையும் சேர்த்து வேறு ஆல்பங்கள் கட்டி விற்றது. ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ என்று 1966 ஜூனில் அமெரிக்காவில் வந்த ஆல்பம் அப்படிப்பட்டது. ‘ரிவால்வ’ருக்காகப் பதிவான மூன்று பாட்டுகள் அதற்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. ஆகஸ்டில் ‘ரிவால்வர்’ வந்தபோது அமெரிக்கத் தட்டில் அந்த மூன்றும் இல்லை, 11 பாட்டுகள்தாம்.

போன மூன்றும் லெனன் பாடியவை. பிரிட்டன் தட்டில் லெனன் முதன்மைக் குரலாக ஒலிப்பது ஐந்து பாட்டுகளில். மெக்கார்ட்னிக்கும் ஐந்து, ஹாரிசனுக்கு மூன்று, ரிங்கோவுக்கு ஒன்று. அமெரிக்கத் தட்டில் லெனனுக்கு மிஞ்சியது இரண்டு. குழுவைத் தொடங்கியவர் அந்தத் தட்டில் ஹாரிசனைவிடக் குறைவாகப் பாடுகிறார். இந்தத் தட்டைக் கேட்ட அமெரிக்க இளைஞர் ஒருவர், “ரிவால்வர் மெக்கார்ட்னியின் ஆல்பம், லெனன் ஒதுங்கிவிட்டார்” என்று சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் காதில் விழுந்ததை நேர்மையாகச் சொன்னார். லண்டன் ரசிகர் அதை மறுத்தால் அவரும் நேர்மையானவரே. இருவரும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். வெவ்வேறு பாடப்புத்தகம் படித்த இரண்டு வகுப்புகளுக்கு ஒரே வினாத்தாள் கொடுத்தது போன்ற நிலை இது.

அதற்கு முந்தைய ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1965 டிசம்பரில் பிரிட்டனில் 14 பாட்டுகளோடு வெளியானது. கேப்பிட்டல் நிறுவனம் அதிலிருந்து நான்கை எடுத்துவிட்டு, பழைய ‘ஹெல்ப்!’ ஆல்பத்தின் பிரிட்டன் பதிப்பிலிருந்து இரண்டைச் சேர்த்தது. சேர்த்த இரண்டும் மின்சாரமில்லாத கிட்டாரின் ஒலி மேலோங்கிய மென்மையான பாட்டுகள். எடுத்த நான்கில் ‘டிரைவ் மை கார்’ போன்ற துள்ளலான பாட்டும் அடக்கம். விளைவாக அமெரிக்கத் தட்டு முழுவதும் ஒரே மனநிலையில், நாட்டுப்புறப் பாட்டின் சாயலோடு ஒலித்தது.

அந்த அமெரிக்கத் தட்டைக் கலிபோர்னியாவில் கேட்டவர்களில் ஒருவர் ‘பீச் பாய்ஸ்’ குழுவின் பிரையன் வில்சன். இட்டுநிரப்பிய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் ஆல்பம் என்று வியந்து, அதற்கு இணையாகத் தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று துணிந்தார். அப்படிப் பிறந்ததுதான் 1966 மே மாதத்தில் வந்த ‘பெட் சவுண்ட்ஸ்’. அதைக் கேட்டு மெக்கார்ட்னி வியந்தார். அந்த வியப்பு ‘சார்ஜன்ட் பெப்ப’ருக்கு உரமானது. பாப் இசை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் சங்கிலி இது. ஆனால் வில்சன் வியந்த அந்த ஒருமை, பீட்டில்ஸ் வகுத்த வரிசையில் இருந்ததன்று. விற்பனை நிறுவனம் வெட்டி ஒட்டியதில் அமைந்தது. வியாபாரக் கணக்கில் பிறந்த பொருத்தத்தை ஒரு ரசிகரின் காது கலையாகக் கேட்டது. கேட்டதைக் கொண்டு இன்னொரு கலையை ஆக்கியது. இதில் ஏமாந்தவர் யார் என்று சொல்வது எளிதன்று. அந்தப் பொருத்தம் தட்டில் உண்மையாகவே இருந்தது. அதை யார் வைத்தார் என்பதுதான் வேறு.

‘பெட் சவுண்ட்ஸ்’ தன் நாட்டிலேயே சற்று மங்கிய வரவேற்பைப் பெற்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் அது 10ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை. பிரிட்டனில் 2ஆம் இடம் வரை ஏறியது.

இந்தக் குழப்பம் தீர்ந்தது 1987இல். பீட்டில்ஸ் ஆல்பங்கள் குறுந்தகடாக வந்தபோது பிரிட்டன் வடிவமே உலகுக்கெல்லாம் பொது என்று முடிவானது (‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ மட்டும் விலக்கு, அதற்கு அமெரிக்க வடிவமே நிலைத்தது). அமெரிக்க ரசிகர்களில் பலர் முழு ‘ரிவால்வ’ரைப் பாட்டு வரிசையோடு கேட்டது அப்போதுதான். 1990கள் தொடங்கி ‘ரிவால்வர்’ மதிப்பில் உயர்ந்ததற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். இந்த எளிய காரணத்துக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பெப்பருக்கு எதிராக ஒரு குரல்

‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967 ஜூன் தொடக்கத்தில் வெளிவந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே பாட்டு வரிசையோடு வந்த முதல் பீட்டில்ஸ் ஆல்பம் இதுதான். அட்டையின் பின்புறம் பாடல்வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். 1968இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. ராக் இசை ஆல்பம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

இந்தப் புகழ்மழைக்கு நடுவே ‘நியூயார்க் டைம்ஸ்’ ஜூன் 18 அன்று ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற இளம் விமர்சகரின் மதிப்புரையை வெளியிட்டது. ஒலி வித்தைகளும் அலங்காரமும் மிகுந்து பாட்டு மெலிந்துவிட்டது என்பது அவருடைய வாதத்தின் சாரம். கடைசிப் பாட்டான ‘எ டே இன் தி லைஃப்’ ஒன்றை மட்டும் அவர் மனமாரப் புகழ்ந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். நாளேட்டுக்குக் கடிதங்கள் வந்து விழுந்தன.

கோல்ட்ஸ்டீனின் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் செய்தது விமர்சனம். எந்தப் பாட்டில் எந்த ஒலி எதை மறைக்கிறது என்று சுட்டினார்; பிடித்ததைப் பிடித்தது என்றார். மறுப்பவர் தட்டை மறுபடி சுழலவிட்டு அவர் சொன்ன இடத்தில் காதை வைக்க முடியும். அத்தனை புகழுரைகளிடையே அப்படிச் சோதிக்கத்தக்க மதிப்புரைகள் மிகுதி என்று சொல்ல முடியாது.

சோதித்துப் பார்த்தால் தெரிவது என்ன? ஒரு கற்பனை வாத்தியக் குழுவின் கச்சேரியாக முழு ஆல்பமும் அமைந்திருக்கிறது என்பது அதன் புகழுக்குக் காரணங்களில் ஒன்று. உண்மையில் அந்தக் கற்பனை முதலிரண்டு பாட்டுகளிலும், கடைசிக்கு முந்தைய பாட்டிலும்தான் இருக்கிறது. நடுவில் உள்ளவற்றை வேறு எந்த ஆல்பத்தில் வைத்தாலும் பாட்டுக்குப் பழுதில்லை. லெனனே தம் பாட்டுகளுக்கும் அந்தக் கற்பனைக்கும் தொடர்பில்லை என்று சொல்லியிருக்கிறார். தவிர, அதே பதிவுக் காலத்தில் முதலில் உருவான ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் பிப்ரவரியில் தனித்தட்டாக வெளியிடப்பட்டு ஆல்பத்தில் இடம்பெறாமலே போயின. அவற்றை விட்டது தம் தொழில்வாழ்வின் பெரிய பிழை என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னர் வருந்தினார். அந்த இரண்டும் இருந்திருந்தால் கோல்ட்ஸ்டீனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று பெரும்பாலோர் வீட்டில் இருந்தது மோனோ கருவி. ஒரே ஒலிபெருக்கியில் எல்லாம் வரும். பீட்டில்ஸ் உடனிருந்து கவனத்தோடு கலந்தது மோனோ பதிப்பைத்தான். ஸ்டீரியோ பதிப்பு அவர்கள் இல்லாமல் சில நாள்களில் முடிக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகம் கேட்டதோ பெரும்பாலும் ஸ்டீரியோவை. வித்தியாசம் சிறிதன்று. வீட்டைவிட்டுப் போகும் மகளைப் பற்றிய ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் சற்று விரைவாக, சுருதி கூடி ஒலிக்கிறது. ஸ்டீரியோவில் இழுத்து, கனமாக. அந்தப் பாட்டு அழுதுவடிகிறது என்பாரும் அளவோடு நிற்கிறது என்பாரும் வெவ்வேறு பதிப்பைக் கேட்டவர்களாக இருக்கலாம்.

தாண்டிச் செல்லப்படும் பாட்டு

‘பெப்பர்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டோடு தொடங்குகிறது. இதைத் தாண்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம் என்று சொல்லும் மேற்கத்திய ரசிகர்கள் ஏராளம். நீளம், ஒரே மாதிரி இழுக்கிறது, ராக் இல்லை என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள்.

இந்த இடத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாட்டின் சுரங்கள் இந்துஸ்தானி இசையின் கமாஜ் தாட்டைச் சார்ந்தவை. நம் கர்நாடக முறையில் அது ஹரிகாம்போதி மேளம். தம்பூரா சுருதி அடியில் ஓட, குரலை நிழல்போல் தொடர்ந்து வருவது தில்ருபா. லண்டனில் இயங்கிய ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தார்கள். பீட்டில்ஸில் ஹாரிசனைத் தவிர வேறு எவரும் இதில் இல்லை. நடுவே வாத்தியங்கள் மட்டும் பேசும் பகுதியில் தாளம் ஐந்தின் கணக்குக்கு மாறுகிறது. தில்ருபாவும் மேற்கத்திய வயலின்களும் கேள்வி பதிலாக வாசிக்கின்றன. கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு அங்கே சலிப்புத் தட்ட வாய்ப்பில்லை. ஒரு சுருதியில் நிலைத்து நிற்பதைக் குறையாகக் கேட்பதும் இயல்பாகக் கேட்பதும் காது வளர்ந்த இடத்தைப் பொறுத்தது.

அதற்காக நம் ராகம் என்ற பெருமையில் பாட்டைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ராக ஆலாபனையின் விரிவு இதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. கமகம் தில்ருபாவில் இருக்கும் அளவு குரலில் இல்லை. சொற்களில் உபதேச வாடை வீசுகிறது. பீட்டில்ஸின் ஆசியத் தொடர்பைப் பற்றி நிதானமாக எழுதியவர்களில் ஒருவர் டேவிட் ரெக். அமெரிக்கப் பேராசிரியரான அவர் சென்னையில் வீணை கற்றவர். 1985இல் அவர் எழுதிய ‘பீட்டில்ஸ் ஓரியண்டாலிஸ்’ என்ற கட்டுரையை இசை மாணவர்கள் தேடிப் படிக்கலாம். இரண்டு மரபையும் கையால் தொட்டவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சான்று.

பாட்டு முடிந்ததும் ஒரு சிரிப்பொலி கேட்கிறது. இந்திய இசையை நக்கல் செய்கிறார்கள் என்று சில ரசிகர்கள் வாதிடுவதுண்டு. அந்தச் சிரிப்பைச் சேர்க்கச் சொன்னவரே ஹாரிசன்தான்.

இல்லாததைக் கேட்ட காதுகள்

கூர்ந்து கேட்பது நல்லது என்று இவ்வளவு சொல்லிவிட்டு, கூர்மை தவறான வழியில் போன கதையை விட்டுவிட முடியாது.

1969 இலையுதிர் காலத்தில் அமெரிக்க மாணவர்களிடையே ஒரு வதந்தி பரவியது. மெக்கார்ட்னி 1966 நவம்பரிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். அவரைப் போன்ற வேறொருவர் அந்த இடத்தில் நடிக்கிறார். மற்ற மூவரும் பாட்டுகளிலும் அட்டைப்படங்களிலும் துப்பு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்றில் நேயர் ஒருவர் தொலைபேசியில் இதைச் சொல்ல, பேச்சு தீயாய்ப் பிடித்தது. இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளேட்டில் ‘அபே ரோடு’ ஆல்பத்துக்கு மதிப்புரை வந்தது. எழுதியவர் ஃபிரெட் லபோர் என்ற மாணவர். மதிப்புரை என்ற பெயரில் அவர் எழுதியது ஒரு துப்பறியும் கதை. இறந்தவரின் இடத்துக்கு வந்தவருக்குப் பெயர் வைத்தார். ‘வால்ரஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பிணம் என்றார். அப்படி ஒரு பொருளே கிடையாது. பெரும்பகுதி தாமே புனைந்தது என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். (அவரும் பிற்காலத்தில் இசைக்கலைஞர் ஆனார் என்பது கூடுதல் செய்தி.)

வேடிக்கையாக எழுதியதை ஆயிரக்கணக்கானோர் வரிக்கு வரி நம்பினார்கள். ‘அபே ரோடு’ அட்டையில் மெக்கார்ட்னி வெறுங்காலோடு நடக்கிறார். ஆகவே அவர் பிணம். வெள்ளை உடுத்திய லெனன் பாதிரியார், கருப்பு உடையில் ரிங்கோ சவ அடக்கம் செய்பவர், முரட்டுத் துணி அணிந்த ஹாரிசன் குழிவெட்டுபவர். தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றிச் சுழற்றி மரணச் செய்தி தேடினார்கள். ‘லைஃப்’ இதழ் ஸ்காட்லாந்துப் பண்ணையில் இருந்த மெக்கார்ட்னியைத் தேடிப்போய், அவர் உயிரோடிருப்பதை நவம்பர் 7 இதழில் வெளியிட்டது. அதன் பிறகும் நம்பிக்கை முற்றிலும் ஓயவில்லை.

இவர்கள் பாட்டைக் கவனிக்காதவர்கள் அல்லர். ஷே அரங்கில் கூச்சலிட்டவர்களைவிட நூறு மடங்கு கவனித்தவர்கள். ஆனால் விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு நிரப்பும் மாணவரைப் போல, முடிவை முன்னால் வைத்துக்கொண்டு தட்டைக் கேட்டார்கள். வருத்தம் என்னவென்றால், ‘அபே ரோடு’ இரண்டாம் பக்கத்தில் துண்டு துண்டான பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் அந்த அருமையான தொடர் அந்த மாதங்களில் பெற வேண்டிய பேச்சில் பாதியை மெக்கார்ட்னியின் வெறுங்கால் தின்றுவிட்டது.

அதே ரசிக ஆர்வம் நேர்வழியில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பீட்டில்ஸ் மாத இதழில் எழுதிவந்த ரசிகரான மார்க் லூயிசன், அபே ரோடு கூடத்தின் மூல ஒலிநாடாக்களைக் கேட்டு, எந்த நாளில் எந்தப் பாட்டின் எந்தப் பகுதி பதிவானது என்று 1988இல் ஒரு நூலை எழுதினார். அதன் பிறகு வாதிட விரும்பியவர்களுக்கு நிற்க ஒரு தரை கிடைத்தது.

பட்டியல்கள்

ரசிகர் கருத்து எண்ணாக மாறும் இடம் தரவரிசைப் பட்டியல். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்களின் பட்டியலில் ‘பெப்பர்’ முதலிடம், ‘பெட் சவுண்ட்ஸ்’ இரண்டு, ‘ரிவால்வர்’ மூன்று. 2012 பட்டியலிலும் அதே வரிசை. 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது மார்வின் கே பாடிய ‘வாட்’ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. ‘பெப்பர்’ 24ஆம் இடத்துக்கு இறங்கியது, ‘ரிவால்வர்’ 11, பீட்டில்ஸ் ஆல்பங்களில் முன்னணியில் நின்றது ஐந்தாம் இடம் பெற்ற ‘அபே ரோடு’. இவை கலைஞர்களும் இதழாளர்களும் இட்ட வாக்குகள். பொதுமக்கள் வாக்கைக் கொண்டு காலின் லார்க்கின் தொகுத்த ஆயிரம் ஆல்பங்களின் நூலில் 1994 பதிப்பில் ‘பெப்பர்’ முதலிடம். 1998 பதிப்பில் ‘ரிவால்வர்’ முதலிடம். சாதாரணக் கேட்பாளர்கள் இதழாளர்களுக்கு இருபது ஆண்டு முன்பே மனம் மாறிவிட்டார்கள்.

1967இல் வந்த தட்டின் சுரங்களில் 2020க்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. வாக்காளர் மாறினார்கள்: கருப்பின இசையையும் பெண்கள் இசையையும் தம் வாழ்வின் இசையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை வாக்களித்தது. அது நியாயமான மாற்றம்தான். ஆனால் 24 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ‘பெப்பர்’ எப்படி ஒலிக்கும் என்று ஒருவரும் ஊகிக்க முடியாது. முதலிடம் என்று இருந்தபோதும் முடியாது. இணையத்தில் “இது பத்துக்கு ஒன்பது” என்று எழுதிவிட்டுப் போகும் மாணவர்களைப் பார்க்கிறேன். விடைத்தாள் திருத்துபவர்கூட மதிப்பெண்ணோடு ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் பெற்றோர் வந்து கேட்பார்கள்.

இப்போது நிலைமை 1966ஐவிடச் சிக்கலாகிவிட்டது. ‘ரிவால்வர்’ என்று தேடினால் பழைய ஸ்டீரியோ கலவையும் வரும், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் 2022இல் கணினியின் துணையோடு குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிரித்துச் செய்த புதிய கலவையும் வரும், மோனோவும் கிடைக்கும். பழைய ஸ்டீரியோவில் ‘எலினர் ரிக்பி’ பாட்டின் பெரும்பகுதியில் மெக்கார்ட்னியின் குரல் ஒரு பக்கத்தில் மட்டுமே ஒலிக்கிறது. பேருந்தில் இரண்டு நண்பர்கள் ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்கு அது துயரமான பாட்டு. மற்றவருக்கு, பாடகர் வராத வயலின் கச்சேரி.